மலைக்காரனிடம் வைத்த வேண்டுதல்

என் வீட்டுக்காரர் தவறிய அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் இரண்டே விஷயத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். குடும்பம்தான் அவருக்கு எல்லாம் என்றார்கள். காடு, மலை என்றால் உயிரையே விட்டுவிடுவார் என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே வருகிறது? அதைக் குடும்பத்துக்குக் கொடுப்பதா காட்டுக்குக் கொடுப்பதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் பல வருஷம் நடந்தது. வாதாடியது நான் மட்டும். அவர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

அவர் லிப்டு மெக்கானிக். கோலாலம்பூரில் உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும், அதன் லிப்டுக் குழிக்குள் தான் நின்ற கதை ஒன்று வைத்திருப்பார். வாரம் முழுக்க இருட்டில், எண்ணெய்ப் பிசுக்கில், இரும்புக் கயிறுகளுக்கு நடுவில் வேலை. நாங்கள் குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில். அங்கே லிப்டு ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இவரிடம் வந்து முறையிடுவார்கள். "அது வேற கம்பெனி லா அக்கா, நான் கை வச்சா என் வேலை போயிடும்" என்று சிரித்துக்கொண்டே, அவர்களுடைய அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு படியேறுவார்.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களில் எங்கள் ஒரே மகளுக்குத் தலை பின்னியது, பள்ளிச் சீருடையைத் தேய்த்தது, பெற்றோர் கூட்டத்துக்குப் போய்ச் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஆசிரியை சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது எல்லாம் அவர்தான். பின்னல் மட்டும் லிப்டுக் கயிற்றை முறுக்குகிற மாதிரி இறுக்கமாக இருக்கும். பிள்ளையின் புருவம் இரண்டும் மேலே ஏறி, எதையோ கண்டு ஆச்சரியப்பட்ட முகத்தோடு நாள் முழுக்கப் பள்ளியில் உட்கார்ந்திருப்பாள். என்னிடம் வந்து அழுவாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

ஞாயிறு மட்டும் அவர் எங்களுடையவர் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, கித்தாக் காட்டில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தையும் ஒரு பாராங் கத்தியையும் எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு கிளம்பிவிடுவார். உலு லங்காட், செமினி என்று எங்கே மலையும் ஆறும் இருக்கிறதோ அங்கே. ஆனால் ஒரு சட்டம் அவரே போட்டு வைத்திருந்தார். மாலைக் கோப்பிக்குள் வீட்டில் இருப்பார். வந்து குளித்துவிட்டு ராத்திரிச் சமையலை அவர் பார்ப்பார். கோழிப் பிரட்டல், ரசம், அப்பளம். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். நான் தைத்துக்கொண்டிருந்தால் இயந்திரத்தின் சுவிட்சை வந்து அணைத்துவிடுவார். இந்தச் சட்டம் இருந்ததால்தான் நான் அந்தக் காட்டைப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுத்துக்கொண்டேன் என்றால் வாயை மூடிக்கொண்டு என்று அர்த்தமில்லை.

"அப்படி என்னதான் இருக்கு அந்தக் காட்டுல?"

"மரம் இருக்கு."

"மரம் கீழ ரோட்டோரத்துலயும்தான் இருக்கு."

"அது நட்டு வச்ச மரம்மா."

வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர், காட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் இப்படித்தான் ஒரு வரியில் முடித்துக்கொள்வார். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும்.

ஒரு முறை கல்யாணப் பெண் ஒருத்தியின் ரவிக்கைத் துணியை, சந்தன நிறப் பட்டு, வெட்டி மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். காட்டிலிருந்து வந்தவர் மேசை ஓரமாக நடந்து குளியலறைக்குப் போனார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கழுத்துக்கு நான் போட்ட கோட்டின் மேலேயே ஓர் அட்டை நெளிந்து நெளிந்து அளவெடுத்துக்கொண்டு போகிறது. நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுச் சீனர் மேலே ஓடி வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் துண்டோடு வந்து, நிதானமாக அதை ஒரு காகிதத்தில் ஏற்றி, "நல்ல பட்டுதான். அதுக்கே பிடிச்சுப் போச்சு பாரு" என்றார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மகள் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வருஷம், ஒரு ஞாயிறு மாலைக் கோப்பி ஆறிப்போனது. வெளியே நல்ல மழை. போன் அடித்தால் லைன் கிடைக்கவில்லை. சாப்பாட்டு நேரமும் தாண்டியது. அவரோடு போன கூட்டாளி ஒருவரின் மனைவி காடியை எடுத்துக்கொண்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். விடியும்போது நாங்கள் செமினியைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு மலாய்க்காரர் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். தீயணைப்புப் படையின் போம்பாக்காரர்கள் கயிறுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள். ஆறு ஏறியிருக்கிறது, தண்ணீர் வடிந்தால்தான் எதுவும் தெரியும் என்றார்கள். கடைக்காரர் நாங்கள் கேட்காமலே தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மகள் என் கையை விடவே இல்லை.

அங்கே நின்றுகொண்டுதான் வேண்டிக்கொண்டேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே. பத்துமலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட்டு, "முருகா, அவரைக் கை கால் முழுசா எங்கிட்ட கொண்டாந்து சேர்த்துடு. இனிமே இந்தக் காடு மலைப் பக்கம் அவரு காலே வைக்கமாட்டாரு. இது சத்தியம்" என்றேன். மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன் என்று எல்லாரும் வேண்டுவது எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. எது அவரை என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்ததோ, அதையே தூக்கிச் சாமியிடம் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அதே இடத்தில் அதே நிலைமையில் நின்றால் அதையேதான் சொல்வேன்.

வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். ஒருவருக்குக் கால் சுளுக்கியிருந்தது. அவரை என் வீட்டுக்காரர் முதுகில் சுமந்துகொண்டு வந்தார். ஆறு திடீரென்று பெருகி, எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டு, ஒரு பாறைமேல் தண்ணீர் வடியும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். சேறும் சகதியுமாக என் முன்னால் வந்து நின்றவர் முதலில் கேட்டது, "ரெண்டு பேரும் பசியாறிட்டீங்களா?" என்றுதான். எனக்கு அழுகையும் திட்டும் ஒன்றாக வந்தது. அங்கிருந்த அத்தனை பேர் முன்னாலும் திட்டித் தீர்த்தேன். மகளும் அழுதாள். எல்லாம் ஓய்ந்து, அவர் கையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் வந்த பிறகு, வேண்டுதலைச் சொன்னேன்.

"யாருகிட்ட வேண்டிக்கிட்ட?"

"பத்துமலை முருகன்கிட்ட."

"மலையில குடியிருக்கிறவன்கிட்டயே போயி, மலைக்குப் போகமாட்டாருன்னு சொல்லியிருக்க."

பக்கத்தில் நின்ற போம்பாக்காரர் ஒருவர் தமிழர். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"அதுவும் எம்பேருல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்குறதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சரி. நீ சாமிகிட்ட சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த பாராங் கத்தியை உறையோடு அவிழ்த்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் புரியாமல் வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் தாங்குவாரா என்று நினைத்தேன். அவர் அப்படி ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் என் வாயால் வந்த வார்த்தை என்பதற்காக அதைக் காப்பாற்றினார். அடுத்த ஞாயிறு வீட்டில் இருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் இருந்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஞாயிறு முழுக்கப் புருஷன் வீட்டில்.

அப்பப்பா, அதை என்னவென்று சொல்வது! குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் பழுது பார்த்தார். இரும்புக் கதவுக்குச் சாயம் அடித்தார், காய்ந்ததும் பிடிக்கவில்லை என்று வேறு நிறம் அடித்தார். என் நூல் கண்டுகளை எல்லாம் பருமன்படி அடுக்கி வைத்ததில் எனக்கு வேண்டிய சிவப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போனது. தைக்கும்போது என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இந்தக் கை கொஞ்சம் இறுக்கமா இருக்கும்போல இருக்கே" என்பார். அளவு கொடுக்க வந்த ஒரு பெண்ணிடம், "கழுத்து இவ்வளவு இறக்கம் வேணாம்மா" என்று யோசனை சொன்னார். அந்தப் பெண் அப்புறம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மனுஷருக்கு வேறு வழி கண்டுபிடித்துக் கொடுக்கலாம் என்று நானும் பார்த்தேன். பூங்காவுக்கு அனுப்பினேன். சீக்கிரமே திரும்பி வந்து, "ஒவ்வொரு மரத்துக்கும் பேர்ப்பலகை மாட்டி வச்சிருக்கான்" என்றார், ஏதோ அவமானம் நடந்துவிட்டது போல. கிள்ளான் பக்கம் கடலோரம் தூண்டில் போடப் போனார். பிடித்த மீனை யாரிடமோ கொடுத்துவிட்டு, "கடல் ஒரே தட்டையா கிடக்கு" என்று வந்து படுத்துக்கொண்டார். மத்தியானத் தூக்கம் பழக்கமாகிவிட்டது. வயிறு முன்னால் வந்தது. ஞாயிறு ராத்திரிச் சமையல் மட்டும் நடந்தது, ஆனால் உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

குறை சொன்னாரா என்றால், இல்லை. அதுதான் என்னை அரித்தது. ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால் மூன்று நாள் சொல்லிக்காட்டுகிறவர், இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ராத்திரி மழை பெய்து வெளுத்த காலைகளில் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கட்டடங்களுக்குப் பின்னால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். கோப்பிக் கோப்பையோடு அங்கே போய் நிற்பார். கோப்பி ஆறும்வரை நிற்பார். நான் பின்னால் வருவது தெரிந்தால், ஏதோ குழாயைப் பார்க்க வந்தவர் மாதிரி குனிந்து அதைத் திருகுவார். உயிரோடு வேண்டும் என்றுதானே கேட்டேன், இப்படி வேண்டும் என்றா கேட்டேன்?

அடுத்த தைப்பூசம் வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறினால் பத்துமலையில் கொண்டுபோய் இறக்கிவிடும். மூன்று பேரும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, கூட்டத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரை போய்விட்டோம். அங்கே அவர் நின்றுவிட்டார்.

"செருப்பை எல்லாம் எங்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. நான் கீழ இருக்கேன்."

"ஏங்க, காலு வலிக்குதா?"

"இல்லம்மா. இது மலை."

விளையாடுகிறார் என்று நினைத்து முறைத்தேன். அவர் விளையாடவில்லை. "காடு மலைப் பக்கம் காலே வைக்கமாட்டாருன்னுதான சொன்ன? இந்த மலை சேத்தியா, சேத்தி இல்லையான்னு எனக்குத் தெரியல. மேல போயி நீயே கேட்டுட்டு வா" என்றார். எங்கள் செருப்புகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். எல்லாரும் சாமி பார்க்க மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சாமி பெயரைச் சொல்லியே கீழே நின்றார்.

படி ஏற ஏற எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முதலில் அவர்மேல். பாதிப் படியில் முருகன்மேல். ஒரு பொம்பளை பயத்தில் எதையோ உளறினால், மலைக்காரனாக இருந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாயே, இது உனக்கே நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஏறினேன். மகள் நான் மந்திரம் முணுமுணுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சந்நிதி முன்னால் போனபோது கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. யோசித்துப் பேச நேரம் இல்லை. அவர் கையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தது செல்லாது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, அதற்குப் பதில் என்னிடமிருந்து வாங்கிக்கொள் என்றேன். என்னிடம் என்ன இருக்கிறது? எனக்கு உலகத்திலேயே சகிக்காதது எது? அட்டை. "அவரு நடக்குற வரைக்கும் நானும் கூடவே காட்டுக்குப் போறேன். தனியா விடமாட்டேன்" என்றேன். தொண்டர் ஒருவர், "நகருங்கம்மா, நகருங்க" என்றார். நகர்ந்துவிட்டேன்.

கீழே வந்து சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ? காட்டுக்கு?"

"ஆமா."

"சாமி ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கலன்னா அந்தக் கூட்டத்துல எனக்கு அவ்வளவு நேரம் கொடுத்திருக்குமா?"

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பை நழுவிச் செருப்பெல்லாம் கீழே கொட்டியது. குனிந்து பொறுக்கியவர் எழுந்திருக்க நேரமாயிற்று. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேராகப் படி ஏறப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் காவலுக்கு நின்றோம்.

சாமியிடம் சொல்லிவிட்டு வந்தது சுலபமாக இருந்தது. முதல் ஞாயிறு, காட்டுக்குள் கால் வைத்த கொஞ்ச தூரத்திலேயே வழுக்கி உட்கார்ந்தேன். சட்டைக் கழுத்துக்குள் அட்டை. கத்தினேன். மரத்திலிருந்த குரங்கெல்லாம் பதிலுக்குக் கத்தின. இலை எது, பாம்பு எது என்று தெரியாமல் போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். அவருடைய கூட்டாளிகள் மரியாதைக்காக ரொம்ப முன்னால் போய்விட்டார்கள். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் இலையில் கட்டிக்கொண்டு போன இட்லியும் மிளகாய்ப் பொடியும் எடுத்து வைத்தேன். இவ்வளவு காலம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு காலம் தள்ளிய கூட்டம், அதற்கப்புறம் ஞாயிறுதோறும் எனக்காகக் காத்திருந்து கிளம்பியது.

அட்டையோடு எனக்கு இருந்த சண்டையைத் தையல் இயந்திரத்தில் தீர்த்துக்கொண்டேன். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில், முழங்கால்வரை வருகிற மாதிரி காலுறை தைத்து, மேலே நாடா வைத்து இறுக்கிக் கட்டினேன். எந்த அட்டையாலும் உள்ளே போக முடியவில்லை. அடுத்த வாரம் கூட்டாளிகள் எல்லாரும், "அக்கா, எனக்கும் ஒண்ணு" என்று காலை நீட்டினார்கள். ரவிக்கைக்கு நடுவில் அதையும் தைத்தேன். என் வாடிக்கைக்காரப் பெண்கள் மேசையில் கிடக்கும் அந்தக் காலுறைகளைப் பார்த்துவிட்டு, இது என்ன புது மாடல் கை என்று கேட்பார்கள்.

காட்டில் அவரைப் பார்த்தபோதுதான் இந்த மனுஷரை எனக்குப் பாதிதான் தெரியும் என்று புரிந்தது. அங்கே அவர் பேசவே மாட்டார். வீட்டில் எங்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பேசிப் பேசி, சிரிக்க வைத்து, சமாதானம் செய்து களைத்த வாயை இங்கே கொண்டுவந்து ஓய்வெடுக்க விடுகிறார் என்று தோன்றியது. முன்னால் நடப்பார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, நான் கண்ணில் படும்வரை காத்திருந்து, பட்டதும் திரும்பி நடப்பார். எனக்கு மூச்சு வாங்குவது தெரிந்தால் தன் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது என்று குனிவார். அந்த ரப்பர் சப்பாத்துக்குக் கயிறே கிடையாது. நானும் அதைச் சொல்லாமல் ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்வேன்.

ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது காடியில் கேட்பார், "எப்படி இருந்துச்சு?"

"வேண்டுதலுக்காக வந்தேன், வேறென்ன?" என்பேன்.

"சரி சரி" என்பார்.

இப்படியே வருஷங்கள் போயின. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிப் பெட்டாலிங் ஜெயாவுக்குக் குடிபோனாள். ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். என் வீட்டுக்காரர் சமையலில் உப்பு பழையபடி சரியாக விழுந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு இதயத்தில் ஏதோ குழாய் அடைப்பு என்று ஒரு சிகிச்சை. உயரமான மலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, குன்றாகி, கடைசியில் ஆற்றோரச் சமதரைப் பாதையாயிற்று. அங்கே போய்ச் சப்பாத்தைக் கழற்றி, இரண்டு பேரும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் பேசமாட்டார். நானும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன், என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை பசியாறிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியவர், எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அழுதேன், ஊர் கூடுகிற மாதிரி அழுதேன். ஆனால் பாதி வாழ்க்கைதான் வாழ்ந்தார், பாதியை என் வேண்டுதல் தின்றுவிட்டது என்று அழ வேண்டியிருக்கவில்லை. அந்த நிறைவு எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. அஸ்தியைக் கிள்ளான் கடலில் கரைத்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, அப்பா நடக்குற வரைக்கும்னுதான வேண்டிக்கிட்டீங்க? எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிட்டீங்க. இனிமே அந்த அட்டைக் காட்டுக்கு நீங்க போக வேண்டியதில்ல. ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்குங்க" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரயிலேறிப் பத்துமலைக்குப் போய், தேங்காய் உடைத்து, சொன்னபடி செய்துவிட்டேன் முருகா, முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். கூட்டாளிகளும் மரியாதைக்காகப் போன் செய்யவில்லை. முதல் ஞாயிறு படுத்தே இருந்தேன். அடுத்த ஞாயிறும் படுத்தே இருந்தேன், தூக்கம்தான் வரவில்லை. கோப்பி போட்டு எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வேண்டுதல் முடிந்துவிட்டது. இனி எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு அந்த ஆற்றுக்குப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆசையாக இருக்கிறது என்று ஒருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷமும் திட்டிக்கொண்டே போனவள் நான்.

அதற்கடுத்த வாரம் மகள் என்னோடு தங்க வந்திருந்தாள். ஞாயிறு காலை நான் இட்லி கட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்துவிட்டாள்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? வேண்டுதல்தான் முடிஞ்சிடுச்சே?"

"அது முடிஞ்சிடுச்சு. இது நானாப் போறது" என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பையைக் கட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா சொன்னது சரியாப் போச்சு" என்றாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒரு தடவ நான் அவருகிட்ட சண்டை போட்டேன்மா. அம்மாவுக்குப் பிடிக்காதத வருஷக்கணக்கா செய்ய வைக்கிறீங்களே, பாவம் இல்லையா, வேணாம்னு நீங்களே சொல்லிடுங்கன்னு. அதுக்கு அப்பா சொன்னாரு, 'உங்கம்மாவுக்குக் காடு பிடிச்சுப்போயி ரொம்ப நாளாச்சு. வேண்டுதல்னு சொல்லிக்கிட்டு வரா. நீ எதையும் கேட்டு வைக்காத, கௌரவத்துக்காக வராம நின்னுடுவா'ன்னு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சு என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்ட மனுஷர்! பிறகு கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு கதவே தெரியவில்லை. முந்தின நாள் நானே போன் செய்து சொல்லிவைத்திருந்த கூட்டாளியின் காடி கீழே தெருவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. வழக்கம்போல லிப்டும் நின்றுபோயிருந்தது. திருட்டு மனுஷன், திருட்டு மனுஷன் என்று அவரைத் திட்டிக்கொண்டே சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.